ஸ்பீட் கண்ணும் கண்ணூறும்

புது வாகனம் எடுத்தால் எலுமிச்சங்காயும் செத்தல் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவது எங்கடை ஊர் வழக்கம். கண்ணூறு படக்கூடாது. இப்போது அதற்குப் பக்கத்தில், முன்கண்ணாடிக்குப் பின்னால், ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் வந்து குந்தியிருக்கிறது. இது ஸ்பீட் கண் படாமல் இருக்க. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தது, இல்லாவிட்டால் ஒன்லைனில் எடுப்பித்தது. "மச்சான், பொலிஸ் நிக்கிற இடத்துக்கு ஒரு கிலோமீற்றருக்கு முதலே கத்தும்" என்று வைத்திருப்பவர் சொல்லுவார். கேட்கிற பெடியளுக்குக் கண் விரியும். அடுத்த கேள்வி, "என்ன விலை?"

நாங்கள் சொல்ல வருவது இதுதான். இந்தப் பெட்டிகள் எங்கடை ரோட்டில் பெரும்பாலும் வேலை செய்யாது. வேலை செய்கிற சில நேரங்களில் அது இன்னும் கேடு. பொலிஸ் மேல் எங்களுக்கு இருக்கிற கோபத்தை இதற்கு நியாயமாகக் காட்டுவதை எங்களால் ஏற்க முடியாது. கடைசியாகச் சொன்னதில்தான் எங்களுக்குள்ளேயே கனக்க வாக்குவாதம் நடந்தது. அதுக்குப் பிறகு வாறம்.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். ரேடார் துப்பாக்கி ஒரு நுண்ணலையை அனுப்புகிறது. அது வாகனத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. வாகனம் கிட்ட வந்துகொண்டிருந்தால் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் கூடும். யாழ்தேவி கடவையைத் தாண்டும்போது ஹோர்ன் சத்தம் கிட்ட வரக் கூர்மையாகவும், தாண்டினவுடன் தணிந்தும் கேட்கிறதே, அதே கணக்கு. டொப்ளர் விளைவு என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். எவ்வளவு கூடியது என்பதைவைத்து வேகத்தைச் சொல்லிவிடலாம். இந்த அலை டோர்ச் வெளிச்சம் மாதிரி விரிந்துகொண்டு போகும். பன்னிரண்டு பாகை விரிகிற கற்றை என்றால் 300 மீற்றர் தள்ளி அதன் அகலம் 60 மீற்றருக்கு மேல். ரோட்டை மட்டுமில்லை, பக்கத்து வளவு, வேலி, பனை எல்லாவற்றையும் மூடும். அப்படிச் சிதறுகிற அலையைப் பிடிக்கிற ஒரு ரேடியோதான் டிடெக்டர். வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

அப்படியென்றால் எப்போது அது உதவும்? பொலிஸ்காரர் துப்பாக்கியை அணைக்காமல் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு முன்னால் போகிற நாலு வாகனத்தை அளந்துகொண்டு நின்றால் உதவும். அந்தச் சிதறல் உங்களுக்கு வந்து சேரும், பெட்டி கத்தும், நீங்கள் காலை எடுப்பீர்கள். ஆனால் அனுபவமுள்ள பொலிஸ்காரர் அப்படி நிற்பதில்லை. மரநிழலில் நின்று, வாகனம் கண்ணில் பட்ட பிறகுதான் விசையை அமத்துவார். வெறிச்சோடிய ரோட்டில் நீங்கள்தான் முதல் வாகனம் என்றால், பெட்டி கத்துகிற அதே கணத்தில் உங்கள் வேகம் அவரின் திரையில் விழுந்திருக்கும். எச்சரிக்கை என்று நீங்கள் நினைப்பது அவருக்குக் கிடைத்த ரசீது.

பொய்க் கத்தல் வேறு. ரேடார் துப்பாக்கிகள் பாவிக்கிற அலைவரிசைகளில் ஒன்று 24 கிகாஹேர்ட்ஸ் பக்கம். ஆளைக் கண்டதும் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவுகளின் உணரிகளும் அந்தப் பக்கம்தான். பக்கத்தில் வாகனம் வந்தால் எச்சரிக்கிற வசதியுள்ள புதுக் கார்கள் பலவும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வீதியால் ஒருமுறை போய்வந்தால் பெட்டி கடைக்கும் கத்தும், காருக்கும் கத்தும். மூன்றாம் நாள் வைத்திருப்பவர் சத்தத்தை நிப்பாட்டிவிடுவார். அதற்குப் பிறகு அது எலுமிச்சங்காய்க்குச் சமன்.

லேசர் துப்பாக்கி வேறு சாதி. அது 905 நனோமீற்றர் அளவிலான அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு துடிப்பும் போய்த் திரும்ப எடுக்கிற நேரத்தைவைத்துத் தூரம், தூரம் மாறுகிற விதத்தைவைத்து வேகம். 300 மீற்றர் தள்ளி அதன் அகலம் கிட்டத்தட்ட ஒரு மீற்றர்தான். பத்து வாகனம் வந்தாலும் உங்கள் இலக்கத்தகட்டை மட்டும் குறிவைத்து, ஒரு செக்கன் ஆகமுதல் அளந்துவிடலாம். சிதறல் மிகக் குறைவு என்பதால் டிடெக்டருக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. உங்களில் படும்போதுதான் அது கத்தும். பட்டால் முடிஞ்சுது.

அதுக்காகத்தான் ஜாமர் என்கிறார்கள். முன் கிறிலில் பூட்டுகிற சின்னச் சின்னத் தலைகள். துப்பாக்கியின் துடிப்பு வந்தவுடன் இதுவும் துடிப்புகளைத் திருப்பி அனுப்பிக் கணக்கைக் குழப்பும். ஒழுங்காகப் பூட்டின நல்ல ஜாமர், தனக்குத் தெரிந்த துப்பாக்கி வகையைச் சில செக்கன் குழப்பும் என்பது உண்மை. அதை மறுக்க மாட்டோம். ஆனால் அதை நன்றாகத் தெரிந்தவர்களே பாவிக்கிறவர்களுக்குச் சொல்லுகிற அறிவுரை என்ன? கத்தினவுடன் பிரேக் அடி, சட்டவேகத்துக்கு இறங்கு, பிறகு ஜாமரை நிப்பாட்டு, பொலிஸ் உன்னை அளக்கட்டும். ஏனென்றால் நீளத்துக்குக் குழப்பினால் பொலிஸ்காரருக்கு விளங்கிவிடும். பக்கத்து வாகனமெல்லாம் இலக்கம் காட்ட, உங்களுக்கு மட்டும் ஏன் வெறுமை? ஜாமர் இருக்கிறது என்று தானே சொல்லுகிற துப்பாக்கிகளும் வந்துவிட்டன. இதை ஏ9 இல் யோசித்துப் பாருங்கள். 100 இல் போகிற வாகனம் இரண்டு செக்கனில் 55 மீற்றர் ஓடும். பின்னால் சொகுசு பஸ். முன்னால் கொடிகாமம் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிப்போகிற லான்ட்மாஸ்ரர். பெட்டி கத்துகிறது, நீங்கள் பிரேக்கில் ஏறி நிற்கிறீர்கள். தண்டத்திலிருந்து தப்ப இதைவிட மோசமான வழியை யாராவது கண்டுபிடிக்க முடியுமா?

இதெல்லாம் நல்ல சாமானின் கதை. சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற "ஜாமர்" பலவும் மினுங்குகிற லைட் வைத்த பிளாஸ்டிக் பெட்டி. கொஞ்சக் காலத்துக்கு முதல் கண்ணாடியில் சீடி தொங்கவிட்டால் கதிர் தெறித்துப்போகும் என்று ஒரு கதை உலகம் முழுக்க ஓடியது. அந்தக் கதையின் பேரப்பிள்ளைதான் இது. இன்னொன்று, எங்கள் வயதுப் பெடியளில் முக்கால்வாசிப்பேர் ஓடுவது மோட்டார் சைக்கிள். ஹெல்மெட்டுக்குள் காற்று இரையிற சத்தத்தில் பெட்டி கத்துவது ஆருக்குக் கேட்கும்?

கொண்டுவந்து தருகிற சொந்தக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்கடை நாட்டில் இதைப் பூட்டலாமோ? கனடாவின் ஒன்ராறியோவில் ரேடார் டிடெக்டர் வாகனத்துக்குள் இருந்தாலே குற்றம், அணைத்து வைத்திருந்தாலும் சரி. சுவிஸிலும் பிரான்சிலும் தடை. ஜேர்மனியில் ஓடும்போது பாவிக்கத் தடை. பிரித்தானியாவில் டிடெக்டருக்குத் தடையில்லை, ஆனால் ஜாமரால் மறைத்தால் நீதியின் போக்கைத் திரித்த குற்றம் வரும். 2018 இல் வட யோர்க்‌ஷயரில் தன் ரேஞ்ச் ரோவரில் லேசர் ஜாமர் பூட்டிக்கொண்டு, ஒவ்வொருமுறையும் வேகக் கமராவைப் பார்த்து நடுவிரல் காட்டிக்கொண்டு போன ஒருவருக்கு 8 மாதச் சிறை கிடைத்தது. வேகமாக ஓடினதுக்கு மட்டும் என்றால் தண்டத்தோடு போயிருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் காருக்கு டிடெக்டர் சரி, வேர்ஜீனியாவில் இல்லை. ரேடார் ஜாமர் நாடு முழுக்கவே சட்டவிரோதம். எங்கடை நாட்டிலும் வானொலி அலை அனுப்புகிற கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். பொலிஸுக்குக் கடமையில் இடைஞ்சல் செய்தாய் என்று இன்னொரு வழக்கையும் அதோடு சேர்த்துக் கட்டலாம். தான் இருக்கிற நாட்டில் தொடப் பயப்படுகிற சாமானை ஊருக்குப் பரிசாகக் கொண்டுவருவது என்ன பாசம் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பெட்டி தேவையேயில்லை. எங்களிடம் அதைவிட நல்ல டிடெக்டர் இருக்கிறது. எதிரில் வருகிறவர் இரண்டுதரம் லைட் அடிப்பார். காசு இல்லை, பற்றரி இல்லை, பொய்க் கத்தலும் குறைவு. போன் குழுக்களில் "நுணாவிலடியில நிக்கினம்" என்று ஒரு வரி வரும். மணல் ரிப்பர்களுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் ஆள் போய்ப் பாதை பார்த்துச் சொல்லுகிற கதையும் ஊரறிந்தது. ஆகவே, தண்டத்திலிருந்து தப்ப முடியுமா என்ற கேள்விக்கு இங்கே ஏற்கெனவே விடை கண்டாயிற்று. தப்பலாம். தினமும் தப்புகிறார்கள். அப்படித் தப்பித் தப்பி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறோம் என்பதைத்தான் ஆரும் கேட்பதில்லை.

2016 டிசம்பரில் சாவகச்சேரி சங்கத்தானையில் ஹொரணைப் பக்கத்திலிருந்து சுற்றுலா வந்த வான் இ.போ.ச. பஸ்ஸோடு மோதியதில் பத்துக்குக் குறையாத உயிர்கள் போயின. 2022 நவம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன சொகுசு பஸ் வவுனியா நொச்சிமோட்டையில் கவிழ்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் யாழ். பல்கலைக்கழக மாணவி. இலங்கை முழுக்க ஒவ்வொரு வருடமும் வீதியில் சாகிறவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு சாவுக்கும் வேகம்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. நித்திரை, மழை, வெறி, மாடு, லைட் இல்லாத சைக்கிள் எல்லாம் இருக்கிறது. ஆனால் இந்தப் பிழைகளில் எதுவும் 50 இல் காயமாக முடியலாம், 90 இல் செத்தவீடாக முடியும்.

கணக்கை நாங்களே போட்டுப் பார்த்தோம், ஓ.எல். பௌதிகம் போதும். ஒரு பிள்ளை ரோட்டுக்குக் குறுக்கே ஓடுகிறது. பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு செக்கன். காய்ந்த தாரில் நல்ல ரயர். 50 இல் வந்த கார் மொத்தம் 28 மீற்றரில் நிற்கும். 70 இல் வந்ததுக்கு 46 மீற்றர் வேண்டும். இது ஓரளவு எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாதது, முதல் கார் நின்றுவிட்ட அந்த 28 ஆவது மீற்றரில் இரண்டாவது காரின் வேகம் என்ன? கிட்டத்தட்ட 58. ஒரு கார் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறது, மற்றது அதே இடத்தில் 58 இல் பிள்ளையை அடிக்கிறது. ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்று சட்டம் வைத்ததன் அர்த்தம் இதுதான். எங்களுக்கோ ஊர் எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. கோண்டாவிலிலிருந்து சுன்னாகம் வரை வீட்டுப் படலை திறந்தால் ரோடு. நிசமான வெளி என்றால் வல்லை வெளி. அங்கே காற்று மோட்டார் சைக்கிளைத் தூக்கும்.

இவ்வளவுக்கும் எவ்வளவு நேரம் மிச்சம்? யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி 16 கிலோமீற்றர் அளவில். முழுத் தூரமும் 70 இல் போனால் 14 நிமிசம், 100 இல் பறந்தால் 10 நிமிசம். நாலு நிமிசம். அதுவும் நாவற்குழியில் ரயில் கடவை பூட்டியிருந்தால் அதுவும் இல்லை.

இனி அந்த வாக்குவாதம். எங்களில் ஒருவர் சொன்னது: "பொலிஸ் எண்டால் எங்களுக்கு ஆர்? 2016 ஒக்டோபரில குளப்பிட்டியில ரெண்டு கம்பஸ் பெடியளச் சுட்டுப்போட்டு முதல்ல விபத்து எண்டு சொன்னவை. மறிச்சால் நிக்கவே பயமாய் இருக்கிற சனத்துக்கு, மறிக்காமல் போக ஒரு வழி இருந்தால் அது பிழையோ?" இதை நாங்கள் லேசாகத் தள்ளிவிடவில்லை. இரவில் மறிக்கிற ஒரு கைக்கு முன்னால் இந்த மண்ணில் வளர்ந்த பெடியனுக்கு வருகிற நடுக்கம் ரோட்டுச் சட்டத்தைப் பற்றியது இல்லை. மறிக்கிறவர் எங்கடை மொழி பேசுவாரோ தெரியாது. எழுதித் தருகிற துண்டில் இருப்பதை வாசிக்க முடியுமோ தெரியாது. லைசென்ஸுக்குள் ஆயிரம் ரூபா மடித்துக் கொடுத்தால் எல்லாம் சுகமாய் முடியும் என்று எங்களுக்குப் பழக்கினதும் அதே ரோடுதான்.

ஆனால் அந்தக் கோபத்துக்கு ஜாமர் பதிலா? யோசித்துப் பாருங்கள், பொலிஸின் கையில் இருக்கிற சாமான்களில் ஆளைப் பார்க்காமல் இலக்கத்தை மட்டும் சொல்லுகிறது ஸ்பீட் கண் ஒன்றுதான். "உன்ர பார்வை சரியில்லை" என்று அது சொல்லாது. பெயரைக் கேட்காது. ஊரைக் கேட்காது. எங்களுக்குப் பிரச்சினை துப்பாக்கி காட்டுகிற இலக்கத்தோடு இல்லை. இலக்கத்தைக் காட்ட மறுக்கிற, காட்டினாலும் பேரம் பேசுகிற கையோடு. அளவை மறைத்தால் மிஞ்சுவது அந்தக் கை மட்டும்தான். ஜாமர் வைத்திருப்பவரைப் பொலிஸ் பிடித்தால், லஞ்சத்தின் விலை எவ்வளவுக்கு ஏறும் என்று வேறு சொல்லவேண்டுமா?

போர்நிறுத்தக் காலத்து வன்னியை மூத்தவர்கள் இன்னும் கதையாகச் சொல்லுவார்கள். ஓமந்தை மட்டும் பறந்துவந்த வாகனமெல்லாம் அதற்கு அங்கால் அடங்கி ஓடும். புலிகளின் காவல்துறை ஏ9 இல் வேகம் அளந்து தண்டச்சீட்டு எழுதியது, காசு மடித்துக் கொடுக்கிற கதை அங்கே எடுபடாது. முகமாலை தாண்டினவுடன் பழையபடி மிதிக்கிறது. "அது ஒழுக்கம்" என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். எங்களுக்கு அந்தப் பெருமூச்சில் பங்கில்லை. சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு வேகமும் அந்தப் பக்கம் இன்னொரு வேகமும் ஓடினவருக்கு இருந்தது பயம். அந்தப் பயம் போன இடத்தில் வேறெதையும் நாங்கள் வளர்க்கவில்லை, இப்போது பெட்டியை வாங்கி வைக்கிறோம். எதிர்ப்பு என்று இதற்குப் பெயர் வைப்பவரிடம் ஒன்று கேட்போம்: உங்கள் எதிர்ப்பின் முன்சில்லுக்கு முன்னால் சைக்கிளில் போகிறது ஆர்? ரியூசனுக்குப் போகிற பிள்ளை. தோட்டத்தாலை வாற அம்மா. பொலிஸ்காரர் ரோட்டோரத்தில் பாதுகாப்பாகத்தான் நிற்கிறார்.

பெட்டி வைத்திருப்பவர் ஆர் என்பதையும் பாருங்கள். ஹயஸ், ஹைபிரிட் கார், வெளிநாட்டுக் காசு. அமெரிக்காவில் பெயர் எடுத்த டிடெக்டர் ஒன்று 500 டொலர் பக்கம். ஓட்டோக்காரர் அதை வாங்கப்போவதில்லை. பிடிபட்டால் தண்டம் அவருக்கு ஒருநாள் உழைப்புக்கு மேல், ஹயஸ்காரருக்கு ஒருநேரச் சாப்பாட்டுக் காசு. இது நியாயமான மனக்குறை. பின்லாந்தில் தண்டம் வருமானத்தைப் பார்த்துப் போடுவார்கள். 2002 இல் 50 வலயத்தில் 75 இல் மோட்டார் சைக்கிள் ஓடின நோக்கியா இயக்குநர் ஒருவருக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் போட்டார்கள், பிறகுதான் குறைத்தார்கள். அப்படியான சட்டத்தைக் கேட்டுச் சண்டை பிடிக்கலாம், நாங்களும் வருவோம்.

சண்டை பிடிக்க இன்னும் கிடக்கிறது. சந்தைக் கடைக்காரரின் தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இல்லாவிட்டால் வழக்கு. அரைக்கிலோ வெங்காயம் நிறுக்கிற தராசுக்கு இருக்கிற கட்டுப்பாடு, ஒருவரின் லைசென்ஸைப் பறிக்கிற கருவிக்கும் இருக்கவேண்டும், அதைச் சாரதி கண்ணால் பார்க்க முடியவேண்டும். மறித்தால் இலக்கத்தைக் காட்டு, நேரத்தைக் காட்டு, துண்டைத் தமிழில் தா. மரத்துக்குப் பின்னால் ஒளியாமல் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், எல்லாரும் பார்க்க நில். ஒளிந்து நின்றால் ஒருவரைப் பிடிக்கலாம். வெளியில் நின்றால் நூறுபேர் மெல்லப் போவார்கள். தண்டத்தை ஒன்லைனில் கட்டுகிற முறை 2025 இல் தொடங்கியிருக்கிறது. காசு கைமாறாத ரோடு எங்களுக்குத்தான் லாபம், அது வடக்கின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது எங்கடை வேலை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கோரிக்கையைத் தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமையில்லை, 14 வேலை நாளுக்குள் தருவோமா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். நாங்கள் இந்த மாதம் யாழ்ப்பாணப் பொலிஸ் பிரிவுக்கு அனுப்பப்போகிற கேள்விகள் மூன்று: உங்களிடம் எத்தனை ஸ்பீட் கண் இருக்கிறது? ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது, யாரால் சரிபார்க்கப்பட்டது? போன வருடம் வேகத்துக்காக எழுதின துண்டுகளில் தமிழில் எழுதியது எத்தனை? சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆக்கள் உங்கள் உங்கள் பொலிஸ் நிலையத்தைக் குறிப்பிட்டு இதையே அனுப்பலாம். ஒரு ஏ4 தாள் போதும்.